பூட்டிய பள்ளிகளைத் திறந்த வரலாறு

கல்வியின் சிறப்பைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம், பேசியும் வருகிறோம். ஆனால் ஐந்தாண்டுக் காலம் அரசுப் பள்ளிக்கூடமே இல்லாதிருந்த ஒரு மாவட்டம், இழந்ததை எவ்வாறு மீட்கத் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தின் வரலாறு அது. ஜமாஅத்தார் அனைவரும் படித்துச் சிந்திக்கத்தக்கது என்பதால் அதனைச் சுருக்கமாகத் தருகிறோம்.

அந்நாளில் அங்கே வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. ஃபார்ம்வில் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென 1939இல் கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கு மட்டுமே போதுமானது. 1951இல் அங்குப் பயின்றவர்களோ ஏறத்தாழ 450 பேர். தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளிலும் வகுப்புகள் நடந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவியின் தலைமையில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதிலிருந்து எழுந்த வழக்கு, புகழ்பெற்ற பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பை ஏற்க மனமில்லாத மாவட்ட நிர்வாகம், 1959இல் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்க மறுத்து அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையர் தம் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்றை அமைத்துக்கொண்டனர். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் போக்கிடமில்லை. வசதியுள்ளோர் சிலர் பிள்ளைகளை வெளியூர் உறவினரிடம் அனுப்பினர். குவேக்கர் கிறித்தவர்களின் சேவை அமைப்பு சில மாணவர்களைப் பிற மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்க உதவியது. ஏனையோர் வயலுக்கும் வீட்டு வேலைக்கும் சென்றனர்.

இந்த இருண்ட காலத்தில் சமுதாயத்தைச் சிதறாமல் காத்தவர்களுள் முதன்மையானவர் ஃபார்ம்வில் தேவாலயத்தின் போதகர் ஃபிரான்சிஸ் கிரிஃபின். தேவாலயங்களிலும் வீடுகளிலும் பயிற்சி மையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர்ப் பெண்கள் பலர் அவற்றில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அவை பள்ளிக்கு ஈடாகா என்பதை அவர்கள் அறிவர். எனினும் பிள்ளைகளின் எழுத்துப் பழக்கமும் நம்பிக்கையும் முற்றிலும் அற்றுப்போகாமல் அவை காத்தன.

1963 செப்டம்பரில், தனியார் நன்கொடையைக் கொண்டு 'இலவசப் பள்ளிகள்' தொடங்கப்பட்டன. வெள்ளையர் மூவரும் கறுப்பினத்தார் மூவரும் கொண்ட குழு அவற்றை நிர்வகித்தது. நியூயார்க் பகுதியிலிருந்து வந்த நீல் சல்லிவன் கல்விக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 1,500 பிள்ளைகள் சேர்ந்தனர். 1959இல் ஆறு வயதாயிருந்த குழந்தைக்கு அப்போது பத்து வயது. அது பள்ளி வாசலையே மிதித்திராது. பதின்வயதைக் கடந்தவர்களும் மீண்டும் படிக்க வந்தனர். வயதைப் பார்த்து வகுப்புப் பிரித்திருந்தால் பாதிப் பேர் வெட்கி வீடு திரும்பியிருப்பர். சல்லிவன் வகுப்புப் பிரிவினையையே நீக்கினார். யாருக்கு எவ்வளவு தெரியுமோ அந்த இடத்திலிருந்து கற்பிக்கச் செய்தார். ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து பாடம் நடத்தினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இரு இனத்தைச் சார்ந்த ஆசிரியர்களும் வந்து பணியாற்றினர்.

அப்பள்ளிகள் ஓராண்டே நடந்தன. கிரிஃபின் குடும்பத்தின் பெயரால் அறியப்படும் வழக்கில் 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி மூடலைச் சட்ட விரோதமென அறிவிக்க, அவ்வாண்டே அரசுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. ஆயினும் வெள்ளையர் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பல ஆண்டுகள் தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தனர். கதவு திறந்தது; மனங்கள் உடனே திறக்கவில்லை. படிப்பை இழந்தவர்களுக்கு 2003இல் மதிப்புறு சான்றிதழ்கள் வழங்கப்பட்டன; 2004இல் மாநில அரசு கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. நாற்பதாண்டு கழித்து வந்த அந்த உதவியைப் பெறாமலே மறைந்தவர்களும் உண்டு.

நம் மாநிலத்திலும் கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. காரணம் வேறாயினும், விடுபட்ட காலம் தானாகத் திரும்பி வருவதில்லை என்பது எங்கும் ஒன்றே. கட்டடம் திறந்த அன்றே பள்ளி மீண்டுவிட்டதாக நாம் எண்ணிவிடலாகாது. தலைமையாசிரியர் ஒருவர் தனித்து நின்று அதனைச் செய்யவும் இயலாது. வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்பதைத் தெருத்தெருவாக அறிந்து அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் ஊரார். பின்தங்கிய பிள்ளை கூச்சமின்றி மாலையில் அமர்ந்து படிக்க ஓரிடம் தர வேண்டியவர்களும் ஊராரே. ஃபார்ம்வில் மக்கள் பள்ளி திறக்கும்வரை காத்திராமல் அப்பணியைத் தொடங்கினர். நம் மஹல்லாவில் இடையில் நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்குவதே நமக்கும் முதற்பணியாகும்.