வாவியும் நீர்வண்ணமும்

மட்டக்களப்பு வாவியை நீர்வண்ணத்தில் தீட்ட முற்படுபவர் முதலிற் போராட வேண்டியது காற்றோடுதான். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான், தாளில் இட்ட வண்ணத்தைப் பரவவிடாது காயவைத்துவிடும். தூரிகை மறுமுறை தொடுவதற்குள் ஓரம் கறைபோலக் கட்டிவிடும். ஐப்பசி கழிந்து வாடையும் மாரியும் வந்தாலோ, இட்ட வண்ணம் உலர்வதே இல்லை; வானத்தின் சாம்பல் நிறம் வழிந்து கண்டற்காட்டின் பச்சையோடு கலந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களிலுங்கூட, புளியந்தீவுக் கரையில் விடியற்காலையில் அமர்ந்தவருக்குக் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பு கண்ணைக் கூசச்செய்யும் ஒரே ஒளித்தகடாகிவிடுகிறது. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டப்படுவதன்று. தாளைத் தீண்டாது விடுவதே வெண்மை. ஒளியை எங்கே விட்டுவைப்பது என்பதை முதற்கோட்டுக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும். ஆகையால் இக்கலை கைவர விரும்புவோர் நாள்தோறும் அதே கரைக்கு, அதே வேளையில் வரவேண்டியவராகிறார். நூறு தாள்கள் வீணான பின்னரே நூற்றோராவது தாளில் தண்ணீர் தண்ணீராகத் தோன்றும்.

நாள்தோறும் ஒரு மணி நேரமும் நூறு தாள்களும்! இவை யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கும்போது கலையின் கதை சமுதாய வரலாறாகிவிடுகிறது.

நீர்வண்ண நிலக்காட்சி ஓவியத்தை, ஓய்ந்திருந்த கனவான்களின் பொழுதுபோக்காகவே நமது பாடநூல்கள் பெரும்பாலும் அறிமுகஞ் செய்கின்றன. அதன் பிறப்பிடங்களில் ஒன்று படைமுகாம் என்பதை அவை சொல்வதில்லை. ஆங்கில நீர்வண்ணக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் போல் சாண்ட்பி, 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டை அளந்து படமாக்கிய இராணுவ நில அளவையிலேதான் தம் தொழிலைத் தொடங்கினார். பின்னர் 1768 முதல் 1796 வரை ஊல்விச் இராணுவக் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்கு வரையக் கற்பித்தார். கிழக்கிந்தியக் கும்பெனியாரும் தமது அடிஸ்கூம் பயிற்சிக் கல்லூரியில் சித்திரத்தைப் பாடமாக வைத்தனர். புகைப்படக் கருவி பிறவாத அக்காலத்தில் குன்றையும் ஆற்றையும் கோட்டையையும் விரைந்து பதிவுசெய்ய இதனினும் எளிய சாதனம் வேறில்லை. 1780களில் வில்லியம் ரீவ்ஸ் வண்ணத்தைச் சிறு கட்டிகளாக உருவாக்கி விற்கத் தொடங்கியதும், படைவீரனின் பைக்குள்ளேயே ஓவியச்சாலை அடங்கிவிட்டது.

இலங்கைக்கு வந்த தூரிகைகளும் பெரும்பாலும் இவ்வழியாகவே வந்தன. ஒல்லாந்தர் காலத்தில், 1785–86இல், பாதிரியார் யான் பிராண்டஸ் இங்கு வரைந்த படங்கள் இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ளன. ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றியபின் வந்த சாமுவேல் டானியல், 1808இல் பன்னிரு படங்கள் கொண்ட தொகுதியொன்றை லண்டனில் வெளியிட்டார். திருகோணமலைத் துறைமுகம் அவற்றுள் ஒன்று. அத்துறைமுகத்தின்மேல் ஆங்கிலக் கடற்படைக்கு இருந்த ஆசையை அறிந்தவர்கள் அப்படத்தை வெறும் இயற்கைக் காட்சியாகப் பார்க்கமாட்டார்கள்.

ஆயினும் நம் கவனத்துக்கு மிகவும் உரியவர் அண்ட்ரூ நிக்கொல். 1804இல் பெல்பாஸ்ட் நகரில் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, அச்சகமொன்றில் தொழில் பழகியவர். பெருமளவு தம் முயற்சியாலேயே ஓவியரானவர். முன்னணியில் காட்டுப்பூக்களைத் தீட்டி அவற்றினூடே தொலைவிலுள்ள கடற்கரையைக் காட்டுவது அவருடைய தனி முறை. ஈரவண்ணத்தின்மேல் கத்திமுனையாற் சுரண்டி, புல்லின் வெண்கீற்றைத் தாளிலிருந்தே எழுப்புவார். உழைத்துப் பெற்ற கைத்திறன் அது. அதனைக் குறைத்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. இவர் 1846இல் கொழும்பு அக்கடமியில் (பின்னாளில் றோயல் கல்லூரி) ஓவியம் கற்பிக்க வந்தார். பெல்பாஸ்டின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினரும் அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளருமான சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இவரின் புரவலர்.

1848ஆம் ஆண்டு. கோப்பி விலை வீழ்ந்து அரசிறை வற்றிய வேளை. ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்துக் குடிமக்கள்மேல் நேர்வரியை ஏற்றுவது என்று அரசு முடிவுசெய்தது. அதற்கு ஆலோசனை வகுத்தவர்களில் முதன்மையானவர் இதே டெனன்ட். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாக்குறைக்கு ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய் அல்லது காசைக் கட்டு என்ற சட்டம். யூலை இறுதியில் மாத்தளைக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தம்புள்ளையில் முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டா பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே 1848இல்தான் நிக்கொல் இலங்கைக் காடுகளூடே ஐந்து வாரம் வரைந்துகொண்டு சென்றார். அப்பயணத்தைப் பற்றி 1852இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் நீண்ட தலைப்பிலே இடிந்த கோயில்கள் வருகின்றன, பெருஞ்சிலைகள் வருகின்றன, குளங்களும் தாகபைகளும் வருகின்றன. அக்குளத்து நீரில் வயல் செய்தவன் வரவில்லை. தலைப்பை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடலாமோ என்று கேட்கலாம். ஆனால் நாடு எரிந்த ஆண்டொன்றின் நினைவாக ஒரு கலைஞர் எவற்றைத் தலைப்பிலேற்றத் தெரிந்தெடுத்தார் என்பதும் வரலாற்றுச் சான்றுதான்.

டெனன்ட் அவ்வாண்டு செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவெழுந்தபின் மீனவரோடு படகேறி வாவியின் நடுவே சென்று, நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டார். ஊரியின் குரலென்று மீனவர் கூறியதையும் குறித்துக்கொண்டார். 1859இல் வெளிவந்த அவருடைய இரு பாக நூலின் வழியாகவே ‘மீன்பாடும் தேன்நாடு’ மேனாட்டாரின் காதுக்கு எட்டியது. அழகான பக்கங்கள்தாம். புரன் அப்பு சுடப்பட்டு ஒரு மாதம் சென்றிருக்க, வரி விதித்த கையே அந்த நிலவொளியையும் எழுதியது. தேசாதிபதி டொரிங்டனும் டெனன்டும் 1850இல் திருப்பியழைக்கப்பட்டனர். வாவியைப் பற்றிய கனவு மட்டும் இங்கேயே நிலைத்துவிட்டது. இன்றும் உல்லாசப் பயணத்துறையின் சுவரொட்டிகளில் நாம் காண்பது அந்த நிலவைத்தான். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்நீர், வீச்சுவலைக்காரனின் வேலைத்தலம்; படுவான்கரை உழவன் நெல்லோடு கடக்கும் வழி. மட்டக்களப்புக் கரையின் தென்னஞ்சோலைகளுங்கூட யாவும் ‘இயற்கை’ அல்ல. 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் அமைத்த தோட்டங்கள் அவற்றுட் பல. கரையிலமர்ந்து வரைபவர் இவற்றைக் காண்பதும் காணாது விடுவதும் கண்ணின் கூர்மையை மட்டும் பொறுத்ததன்று.

சித்திரம் பள்ளிப்பாடமாகிய பின்னும் நெடுங்காலம் அது கோணமும் வட்டமும் பார்த்தெழுதும் பயிற்சியாகவே கிடந்தது. 1920களில் கல்வித் திணைக்களத்தின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக வந்த சி. எப். வின்சர் இந்நிலையைக் குலைத்தார். அவருக்குப்பின் யெப்ரி பீலிங் பிள்ளைகள் தம் சூழலைத் தாமே கண்டு வரைய வழிசெய்தார். இவர்களின் செல்வாக்கு வடக்கில் ஓர் இயக்கமாகவே மலர்ந்தது. சித்திரப் பரிசோதகர் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் கலைக் கழகத்தை நிறுவி ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தார். தமிழாசிரியர்கள் கூடிய கழகத்துக்கு அந்நியரின் பெயரா என்று முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. அரசாங்கச் சம்பளத்தில் வந்தும் அரசாங்கக் கண்ணோட்டத்தை மீறிய ஒருவருக்கு மாணவர் செலுத்திய நன்றி அது. இங்கே கவனிக்கத்தக்கது வேறு. நம் நாட்டில் நாளாந்த ஓவியப் பயிற்சியைக் காத்தவர் புரவலருமல்லர், பிரபுவுமல்லர். சொற்பச் சம்பளம் பெற்ற சித்திர ஆசிரியர்தாம். பாடசாலை மணி அடித்தபின் எஞ்சிய மாலைப்பொழுதே அவரின் ஓவியச்சாலை. குருநகரிற் பிறந்த அ. மாற்கு (1933–2000) கொழும்பு நுண்கலைக் கல்லூரியிற் பயின்று வந்து, தாமும் ஆசிரியராயிருந்துகொண்டே நடத்திய குழுவுக்கு ‘விடுமுறைக்கால ஓவியர் கழகம்’ என்று பெயர். அப்பெயரே ஒரு வர்க்கத்தின் வரலாறு. விடுமுறையில் மட்டுமே ஓவியராக முடிந்தவர்களின் கழகம் அது.

ஓவியக்கூடமோ கொழும்பிலிருந்தது. 1932இல் எழுந்த தேசிய கலாபவனம் அங்கே; 1943இல் தொடங்கிய ‘43 குழு’வின் கண்காட்சிகள் அங்கே. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோரின் மேதைமை ஐயத்துக்கப்பாற்பட்டது. அக்குழு 1950களின் தொடக்கத்தில் லண்டனிலும் பாரிசிலும் பாராட்டுப் பெற்றது. ஆனால் அது ஆங்கிலம் பேசிய நகரத்து மேற்றட்டினரின் வரவேற்பறையில் வளர்ந்த குழு. மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை 1928இலேயே வந்துவிட்டது. அப்பாதை வழியே நெல் மேற்கே போயிற்று, படங்கள் கிழக்கே வந்ததாகப் பேச்சில்லை.

தாளின் கதை இதனினும் வேடிக்கையானது. வண்ணநீரைத் தாங்கும் தடித்த தாள் பருத்திக் கந்தலில் செய்யப்படுவது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். இதே மாவட்டத்தின் வாழைச்சேனையில் 1956 முதல் அரசாங்கத்தின் காகித ஆலை வைக்கோலிலிருந்து தாள் செய்தது! எழுதுதாளுக்கு அது போதும். ஈரத்தூரிகை பட்டால் சுருண்டுவிடும். கீழைக்கரை வயல்களின் வைக்கோல் ஊரில் தாளாகியும், ஊரை வரைவதற்கான தாள் ஊரில் இல்லை.

வரைந்தவை எங்கே போயின? நீர்வண்ணப் படம் போல எளிதில் மாளும் படம் வேறில்லை. ஈரம், செல்லு, வெயில் ஒருபுறம்; 1978 நவம்பர் 23இன் சூறாவளி, 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் மறுபுறம்; இவற்றுக்கிடையே 2009 வரை நீண்ட போர். மாற்கு மாஸ்ரரின் வாழ்நாளுழைப்பிற் பெரும்பகுதி 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அழிந்துபோயிற்று. நிக்கொலின் தாள்களோ பெல்பாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் ஈரம்படாது காக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே வகைத் தாளிலும் நீரிலும் பிறந்தவை. ஒன்றுக்குக் கூடம் இருந்தது, கணக்கேடு இருந்தது, சம்பளம் பெறும் காப்பாளர் இருந்தார். ஓவியக்கூடம் என்று நாம் சொல்வது சுவரையும் ஆணியையும் அன்று, இம்மூன்றையுமே.

மாற்குவின் மாணவி வாசுகி பின்னர் மட்டக்களப்புக்கு வந்து, போர்க்காலப் பெண்களின் துயரையும் உறுதியையும் வரைந்து, அவர்கள் நடுவிலேயே இயங்கினார். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மாலைநேர வகுப்பு வாவிக்கரையிற் சேர்ந்த வழி அது. கல்லடியில் விபுலாநந்த அடிகளின் பெயரால் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாகி ஓவியமும் கற்பிக்கிறது. மீனவரின் பிள்ளையும் உழவரின் பிள்ளையும் அங்கே தூரிகை பிடிக்கின்றனர். டெனன்ட் நிலவிற் கண்ட வாவியை இவர்கள் காலை ஆறு மணிக்குக் காண்கின்றனர்: வலை இழுத்த தோணி திரும்பும் வேளை, இறாலுக்கு விலை பேசும் வேளை. ஆண்டு முடிவில் அப்படங்கள் சில நாட்கள் மண்டபச் சுவரில் தொங்குகின்றன. பிறகு சுருட்டப்பட்டு, வரைந்தவரோடு பேருந்தேறி, ஓட்டு வீட்டின் பரணுக்குப் போகின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை இறக்கி எண்ணி ஏட்டிற் பதிய ஒருவர் வேண்டும். மாவட்டத்து ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால், இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.