மண்ணுக்கு அடியில் ஓடும் கோடுகள்

எமிலி காமெ உங்வாரே முதன்முதலாகக் கேன்வாஸில் தீட்டியபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே உள்ள யூட்டோப்பியாவில், 1988-89 கோடையில்தான் பழங்குடிப் பெண்களுக்குக் கேன்வாஸும் அக்ரிலிக் வண்ணமும் கிடைத்தன. 1996 செப்டம்பரில் மறைவதற்குள் அவர் தீட்டியவை ஏறத்தாழ 3,000 என்பது கணிப்பு.

முதுமையில் திடீரென மலர்ந்த மேதை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய இனமான அன்மட்யெர் பெண்களின் அவெல்ய சடங்கில் மார்பிலும் தோளிலும் காவிமண் கொண்டு கோடிழுப்பார்கள். அந்த மரபில் வளர்ந்து, அதில் மூத்தவராக உயர்ந்தவர் எமிலி. 1977 முதல் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி வேலை. துணியைக் கொதிக்கவைத்து மெழுகு நீக்கும் பாடு மூப்பில் பெருஞ்சுமை; கேன்வாஸில் அது இல்லை. தாமதமாக வந்தது கேன்வாஸ் மட்டுமே. கை எப்போதோ பழுத்திருந்தது.

அவர் தீட்டியதெல்லாம் பிறந்த மண்ணான அல்ஹல்கெரேயைத்தான். ஆயினும் அதில் தொடுவானம் இல்லை, மலை இல்லை. மெல்பர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் 1995ஆம் ஆண்டின் மாபெரும் கிழங்கு ஓவியத்தைப் பாருங்கள்: எட்டு மீட்டர் நீளம், ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், கறுப்பின்மேல் பின்னிப் படரும் வெள்ளைக் கோடுகள். தரையில் விரித்த கேன்வாஸின்மேலேயே சம்மணமிட்டு அமர்ந்து, திருத்தம் ஏதுமின்றி, இரண்டே நாளில் முடித்தார். அந்தக் கிழங்குக்கொடி நம் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் உறவு, ஒரே பேரினம். கிழங்கு முற்றினால் மேல்மண் வெடிக்கும். வெடிப்பைக் கண்டு பெண்கள் தோண்டுவார்கள். ஆகவே அக்கோடுகள் வேராகவும் வெடிப்பாகவும் உடலில் எழுதும் சடங்குக் கோடாகவும் ஒருங்கே நிற்கின்றன. அவர் பெயரில் உள்ள காமெ, அக்கொடியின் விதை.

மேலை அருவ ஓவியர்களோடு அவரை ஒப்பிடும் விமரிசனங்கள் பல. அவர்களைப் பார்த்துக் கற்றவரல்லர் அவர். நடந்தும் தோண்டியும் உண்டும் அறிந்த நிலத்தை அருவம் என்பது பொருந்தாது. அது நிலக்காட்சியேதான், நிலத்துக்கு வெளியே நின்று பார்க்காத ஒருவரின் நிலக்காட்சி.

இறப்பதற்குச் சுமார் இரு வாரங்களுக்கு முன், அடிப்பூச்சுக்கு உதவும் அகலத் தூரிகையை எடுத்து, மூன்று நாளில் 24 சிறு ஓவியங்கள் தீட்டினார். புள்ளியும் கோடும் போயின. வண்ணப் பட்டைகள் மட்டும். மறு ஆண்டு வெனிஸ் பியன்னாலேயில் ஆஸ்திரேலியாவின் சார்பில் இடம்பெற்ற மூவருள் அவரும் ஒருவர். புகழ் பெரும்பாலும் அவருடைய பெரிய ஓவியங்களையே சூழ்கிறது. இந்தச் சிறிய இருபத்துநான்கையே நான் முன்வைப்பேன்.