உலகங்களின் போர்: அச்சிலிருந்து ஒலிநூல் வரை

'உலகங்களின் போர்' ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய அறிவியல் புனைகதை. 1897இல் பியர்சன்ஸ் மேகசின் இதழில் தொடராக வந்து, 1898இல் நூலானது. செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் தென் இங்கிலாந்தைத் தாக்குவதைப் பெயர் சொல்லப்படாத ஒருவர் விவரிக்கிறார்.

இந்நாவல் காதுக்கு ஏற்றதாக இருப்பதற்கான காரணம் கதைக்குள்ளேயே உள்ளது. இடிந்த வீடொன்றில் கதைசொல்லியும் ஒரு பாதிரியாரும் பல நாள் ஒளிந்திருக்கிறார்கள். வெளியே செவ்வாய்வாசிகள், சிறு ஓசை எழுந்தாலும் உயிர் போய்விடும். பாதிரியாரோ சித்தம் கலங்கி உரக்கப் பேசத் தொடங்குகிறார். பின்னர் ஆளற்ற இலண்டன் தெருக்களில் ஓர் ஓலம் மட்டும் விடாமல் கேட்கிறது. அது சட்டென நிற்கும்போதுதான் நகரத்தின் வெறுமை முழுதாகப் புலப்படுகிறது. அச்சில் இவ்விடங்களைக் கண் விரைந்து கடந்துவிடலாம். ஒலிநூல் கேட்பவர் வாசிப்பவரின் வேகத்துக்குக் கட்டுப்பட்டவர்.

1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் (நாவலாசிரியருக்கு உறவினர் அல்லர்) இக்கதையை அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஒரு மணி நேர நாடகமாக வழங்கினார். ஹோவர்ட் கோச் எழுதிய நாடகம் களத்தை நியூ ஜெர்சிக்கு மாற்றி, முற்பகுதியைச் செய்தி அறிவிப்புகளாக அமைத்தது. உண்மையென நம்பிச் சிலர் அஞ்சினர். நாடே பீதியில் ஓடியது என்பது நாளிதழ்கள் பெரிதாக்கிய கதை என்றே இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்தப் பரபரப்பில் நாடகத்தின் பிற்பகுதி மறக்கப்பட்டுவிட்டது. அங்கே செய்திக் குரல்கள் ஓய்ந்து, உயிர்தப்பிய பேராசிரியர் ஒருவர் தனியே பேசுகிறார். நாவலின் வடிவம் திரும்பி வருகிறது.

முழு நூலையும் செவிவழி படிக்கும் வழக்கம் வானொலியிலிருந்து வந்ததன்று. 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காகப் 'பேசும் நூல்கள்' இசைத்தட்டுகளில் பதிவாயின. ஒரு நாவலுக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. முதல் உலகப்போரில் பார்வையிழந்த பிரிட்டிஷ் வீரர்களில் பிரெயில் கற்க இயலாதோருக்கு, பிறர் துணையின்றிப் படிக்க அதுவே வழி.

1978இல் ஜெஃப் வெய்ன் இக்கதையை இசைத்தொகுப்பாக்கினார்; கதைசொல்லியாகக் குரல் கொடுத்தவர் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த முழுப் பதிவு இலவசமாகக் கிடைக்கிறது. 27 அதிகாரங்களையும் கேட்க ஆறேழு மணி நேரமாகும். இடையில் சில அதிகாரங்கள் கதைசொல்லியின் தம்பி இலண்டனிலிருந்து தப்பிச்செல்வதைக் கூறுகின்றன. வாசிப்பவர் குரல் அப்போதும் மாறாததால், முதன்முறை கேட்போர் அங்கே சற்றுக் கவனம் வைக்க வேண்டும்.