திருவனந்தபுரம் வானொலியும் நம் இல்லங்களும்

திருவனந்தபுரத்திற்கு வானொலி வந்த வரலாற்றை நம் இளைஞருள் பலர் அறியார். சென்னையில் 1938-ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939-ஆம் ஆண்டிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. திருவிதாங்கூரோ அந்நாளில் தனி மன்னராட்சி. ஆதலின் சமஸ்தான அரசே தனக்கென ஒரு நிலையத்தை நிறுவிக்கொண்டது. உலகப்போரின் நடுவே, 1943 மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் அதனைத் தொடங்கி வைத்தார். அதன் ஆற்றல் ஐந்து கிலோவாட். அலைவரிசை மத்திய அலை.

அந்நாளைய திருவிதாங்கூரைத் தனி மலையாள நாடெனக் கருதுதல் பொருந்தாது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலூக்காக்களில் தமிழர் நிறைந்திருந்தனர். தலைநகரிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் சாலைக் கடைத்தெருவிலும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். அரசரின் நிலையம் இரு மொழிக் குடிகளையும் நோக்கி எழுந்த ஒன்று என்பதை மறத்தலாகாது.

1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1950 ஏப்ரல் முதல் நாள் நிலையம் அகில இந்திய வானொலியின் வசமாயிற்று. பின்னாளில் அது குடிகொண்ட வழுதக்காட்டுப் பக்திவிலாசம், திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர் வாழ்ந்த மாளிகை. தமிழரான ஒரு திவானின் இல்லத்திலிருந்து மலையாள ஒலி எழுந்தது காலத்தின் விளையாட்டன்றோ!

1956 நவம்பர் முதல் நாள் தெற்குத் தாலூக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. களியக்காவிளையில் எல்லை நின்றது. நிலையம் கேரளத்துடையதாயிற்று, நாமும் கேரளத்திலேயே இருந்தோம். உறவினர் எல்லைக்கு அப்பால். இனித் தமிழ் கேட்க எங்கே செல்வது?

நல்ல வேளையாக, மத்திய அலைக்குச் சுங்கச்சாவடி இல்லை. பகலில் அவ்வலை நிலத்தை ஒட்டித் தவழும். உப்பு நீரின்மீது இன்னும் நெடுந்தொலைவு செல்லும். கடலுக்கு அப்பாலிருந்த இலங்கை வானொலி நம் பெட்டிகளில் தெளிவாய் ஒலித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். இரவிலோ அலை வான்மண்டலத்தின் மேற்படலத்தில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கல் தொலைவிலுள்ள நிலையங்களையும் நம் கூடத்திற்குக் கொணரும். 1952-இல் ஒலிபரப்புத்துறை அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை வெகுவாய்க் குறைத்துவிட்டார். நேயர்கள் கொழும்பை நாடினர். அரசு தன் பிழையுணர்ந்து 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கியது. 1963-இல் திருநெல்வேலியிலும் 1984-இல் நாகர்கோவிலிலும் நிலையங்கள் எழுந்தபின் தமிழொலி இன்னும் அருகில் வந்தது.

கூரையிலிருந்து இறங்கும் ஏரியல் கம்பியும், அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டிய உரிமக் கட்டணமும் மூத்தோர் நினைவில் இருக்கும். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் மலையாள எழுத்தே கற்றனர். தமிழ் நூலைத் திறந்தால் விழித்தனர். ஆயினும் செய்தியும் நாடகமும் பாட்டும் செவிவழியே சென்றன. எழுத்தறியாத பிள்ளைக்கும் மொழி நழுவாதிருந்ததில் வானொலிக்கு இருந்த பங்கை, நாம் உரிய அளவில் போற்றவில்லை என்றே கருதுகிறோம்.

இனி இசை. இதில் திருவனந்தபுரம் நிலையத்தை அயலெனக் கூற நமக்கு மனம் வரவில்லை. கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். 1939-இல் இந்நகரில் தோன்றிய இசைக்கழகத்தை முதலில் நடத்தியவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப்பின் 1963 வரை செம்மங்குடி சீனிவாச ஐயர். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபக் கச்சேரிகளை இந்நிலையம் நேரடியாக ஒலிபரப்பி வந்தது. வெளியூர் செல்ல முடியாத முதியோரும் வீட்டிலிருந்தபடி கேட்டனர்.

அவ்விழாவிற்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் எழுந்தருள்கின்றனர். மூவரும் இன்று எல்லைக்கு அப்பாலிருந்து வருபவரே. 1956-க்குப் பின்னும் அவர்கள் பயணம் நிற்கவில்லை. அம்மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் இல்லாதிருந்தது. எல்லையோரப் பாறசாலையிற் பிறந்து, அவ்விசைக்கழகத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியையாயிருந்த பொன்னம்மாள் 2006-இல் அங்கு அமர்ந்து பாடினார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.