வழிபாடு

வழி, படு என்ற இரண்டும் சேர்ந்தது ‘வழிபடு’. ஒருவர் காட்டிய வழியில் நிற்றல், பின்பற்றி நடத்தல் என்பது அதன் அடிப்பொருள். கெடு ‘கேடு’ ஆவதுபோல, படு முதலெழுத்து நீண்டு ‘பாடு’ ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

கோயிலுக்கு மட்டும் உரிய சொல் அன்று இது. புறநானூற்று 10ஆம் பாட்டில் வழிபடுவோர் என்போர் சோழ மன்னனுக்கு இணங்கி நடப்பவர்கள். தொல்காப்பியச் செய்யுளியல், புறநிலை வாழ்த்தைச் சொல்லுமிடத்தில், ‘வழிபடு தெய்வம்’ என்கிறது. பூவோ மணியோ மேளமோ இந்தச் சொல்லின் பொருளுக்குள் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுவே.

ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், மாவோரிகள் ஓவைராகா என்றழைக்கும் எரிமலைக் குன்றின் பக்கத்தில், எங்களுக்கு அலமாரியின் ஒரு தட்டுதான் பூசையறை. புகை அலாரம் இருப்பதால் சாம்பிராணி கிடையாது. சின்ன விளக்கின் முன் சற்றுநேரம் பேசாமல் உட்கார்கிறோம். அது குறைபட்ட வழிபாடு என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

பெரியபுராணத்துப் பூசலாரிடம் அந்தத் தட்டுகூட இல்லை. திருநின்றவூரில், கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே அடித்தளமிட்டுச் சிகரமும் வைத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குறித்ததும் அதே நாள். இறைவன் கனவில் வந்து, நாளை மாற்றிக்கொள்ளும்படி மன்னனிடம்தான் சொன்னார் என்கிறார் சேக்கிழார். மன்னன் தேடி வந்தபோது, அப்படியொரு கோயிலே இங்கில்லை என்றார்கள் ஊரார். இன்று அங்கே கல்லால் ஆன கோயில் இருக்கிறது. இறைவன் பெயர் இருதயாலீசுவரர்.