ஐந்தெழுத்துச் சொற்களும் பதினோராம் நிகண்டும்



“ஆங்கிலத்தில் நாலெழுத்துச் சொற்கள் இருபது, ஐந்தெழுத்துச் சொற்கள் இருபது எழுதிக் கொடுங்கள் ஐயா, பிள்ளை மனனம் செய்யட்டும்” என்று பெற்றோர் கேட்பது புதிதன்று. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பின்னரும் இக்கேட்பு ஓயவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ‘வேர்டில்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல்விளையாட்டு உலகெங்கும் பரவியது. பட்டியல் கேட்பதற்கு அது மேலும் ஒரு காரணமாயிற்று. பட்டியல் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அதை மனனம் செய்யும் நம் பிள்ளைகள் ஓரிடத்தில் தவறாமல் இடறுகிறார்கள். அவ்விடம் எது என்பதைப் பார்ப்போம்.

நைட், லைட், ரைட், சைட், ஃபைட். இவை யாவும் ஐந்தெழுத்துச் சொற்கள். ஐ, ஜி, எச், டி என்னும் இறுதி நான்கு எழுத்துகளும் எல்லாவற்றிலும் ஒன்றே. எட்டு என்னும் எண்ணைக் குறிக்கும் ‘எயிட்’ என்ற சொல்லும் எழுத்துக் கணக்கின்படி இப்பட்டியலில் வந்து அமர்ந்துகொள்ளும். காதோ அதை ஏற்காது. பட்டத்தைக் குறிக்கும் ‘கைட்’ காதுக்கு இனிதாய்ப் பொருந்தும். எழுத்துப் பட்டியலில் அதற்கு இடமில்லை. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. எடையைக் குறிக்கும் ‘வெயிட்’, உயரத்தைக் குறிக்கும் ‘ஹைட்’ ஆகிய இரண்டும் ஆறெழுத்துச் சொற்கள். முதலெழுத்து நீங்கலாக ஐந்தெழுத்தும் ஒன்றே. ஒலியோ வேறு வேறு. அளவைப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள். அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. இடறல் மட்டும் நீங்கவில்லை.

பேராவில் ஆங்கிலச் சொற்கள் நம்மவரிடம் இரு வழிகளில் வந்து சேர்ந்தன. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட இரப்பர்க் கன்றுகளுக்குப் பின், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. அங்கு வாழ்ந்த தமிழர் ஆங்கிலச் சொற்களைக் காதால் பெற்றனர். வரிசை வீடுகளைக் குறித்த ‘லைன்ஸ்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் அவர்கள் வாயில் ‘லயம்’ என மூன்றெழுத்தாயிற்று. ‘லேடெக்ஸ்’ என்பதை அவர்கள் வாங்கவே இல்லை. அது ‘பால்’ ஆயிற்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தை ஒட்டிப் பெருகிய தோட்டப்பள்ளிகளில் தமிழே கல்விமொழி. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியராய் அமர்ந்த பள்ளிகளும் உண்டு. ஈப்போ நகரிலோ 1909-இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளி போன்றவற்றில் பயின்றோர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிக் கண்ணால் பெற்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் வந்தபோது, காதால் கற்ற மரபிலிருந்து வந்த பிள்ளைகள் கண்ணால் கற்கும் பட்டியலின் முன் நின்றார்கள்.

அவர்களுக்குப் பட்டியல் மரபே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சொற்களை எழுத்தெண்ணித் தொகுப்பது நமக்குப் பழைய தொழில். ஓரெழுத்தாலாகிய சொற்கள் நாற்பத்திரண்டு என்று கணக்கிட்டுக் கொடுத்தது பவணந்தியாரின் நன்னூல். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதி, சொற்களை இரண்டாம் எழுத்தின்படி ககர எதுகை, ஙகர எதுகை எனப் பகுத்து வைத்திருக்கிறது. அத்தொகுதி மட்டும் ‘பதினோராவது நிகண்டு’ எனத் தனி நூலாக அச்சிடப்படும் அளவுக்குத் திண்ணைப் பள்ளிகளில் அதற்குத் தேவை இருந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும் 1732-இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதியைத் தொடையகராதி என வைத்தார்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. அகம், நகம், முகம், சுகம் என்பன மூன்றெழுத்துச் சொற்கள். நாகம், தாகம், மேகம், சோகம் என்பனவும் மூன்றெழுத்துச் சொற்களே; இறுதி இரண்டெழுத்தும் அவையே. ஆயினும் ‘நகம்’ என்பதற்கு ‘நாகம்’ எதுகையாகாது. முதலெழுத்து குறிலாயின் குறிலும், நெடிலாயின் நெடிலுமே இணைய வேண்டும் என்பது விதி. நகம் இரண்டரை மாத்திரை, நாகம் மூன்றரை. எழுத்தை எண்ணிய பிறகு காதாலும் அளந்து பார்த்தார்கள். தமிழில் எழுத்தும் ஒலியும் முற்றிலும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. பகல், பக்கம், பங்கு என்னும் மூன்றிலும் ககரம் மூவகையாய் ஒலிப்பதை நாம் அறிவோம். ஆனால் ஒலிக்கவே ஒலிக்காத எழுத்தை நம் பிள்ளை தமிழில் சந்திப்பதில்லை. ‘நைட்’ என்பதன் நடுவே ஜி, எச் இரண்டும் ஊமையாய் நிற்பதைக் கண்டால் அது திகைக்கத்தானே செய்யும்?

அவை எக்காலத்தும் ஊமையாய் இருந்தவை அல்ல. 1400-இல் மறைந்த கவிஞர் சாசரின் காலத்தில் அவ்விடத்தில் தொண்டையை உரசும் ஓர் ஒலி இருந்தது. செருமானியர் இரவைக் குறிக்கும் ‘நாஃக்ட்’ என்னும் சொல்லில் அத்தகைய ஒலியை இன்றும் கேட்கலாம். போர்வீரனைக் குறிக்கும் ஆறெழுத்து ‘நைட்’டில் முதலில் உள்ள கே எழுத்தும் அன்று ஒலித்தது. 1476-இல் காக்சுடன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அதன்பின் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. நாக்கு மட்டும் உறையாமல் மாறிக்கொண்டே போனது. ஆங்கிலப் பட்டியலில் உள்ள பல ஊமை எழுத்துகள் இவ்வாறு செத்துப்போன ஒலிகளின் நடுகற்கள். இதை நான்காம் ஆண்டு மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். கண்களை அகல விரிப்பார்கள். அதன்பின் அவர்கள் ஜி, எச் எழுத்துகளை விட்டுவிடுவது குறைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

எல்லா ஊமை எழுத்துக்கும் இக்கதை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ என்னும் ஏழெழுத்துச் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதில் அந்தத் தொண்டை ஒலி ஒருநாளும் இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ‘லைட்’ என்னும் சொல்லைப் பார்த்து அதிலும் ஜி, எச் இரண்டையும் செருகிவிட்டார்கள். எதுகை தேடும் ஆசை ஆங்கிலேயனையும் விடவில்லை போலும்!