மதுரை வீரன்: காவலும் கணக்கும்

1956 ஏப்ரலில் வெளியான ‘மதுரை வீரன்’ படத்தைப் பற்றிய பேச்சு எப்போதுமே எம்.ஜி.ஆரைப் பற்றிய பேச்சாக முடிந்துவிடுகிறது. வசூல், ரசிகர் மன்றம், அடுத்த ஆண்டுத் தேர்தல், இருபத்தோரு ஆண்டுகள் கழித்து வந்த முதலமைச்சர் நாற்காலி என்று நேராகப் போய்ச் சேர்கிற பாதை அது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எழுதிய நூல் அந்தப் பாதையை நன்றாகவே வரைந்து காட்டிவிட்டது. அதில் மறுபடியும் நடக்க எனக்கு விருப்பமில்லை. என்னை உறுத்துவது வேறு. கத்தியும் கம்பும் சுழல்கிற, மூச்சுக்கு மூச்சு மானம் பேசுகிற இந்தப் படம், தான் எடுத்துக்கொண்ட கதையில் மானம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தைத்தான் நழுவ விட்டிருக்கிறது என்று படுகிறது.

வீரனைத் திரைக்குக் கொண்டுவந்தது அதுவே முதல் தடவையல்ல. 1939-லேயே டி.பி. ராஜலட்சுமி ‘மதுரை வீரன்’ படத்தை இயக்கியிருக்கிறார். ஒரு பெண் இந்தக் கதையை எப்படிப் பார்த்தாள் என்று அறிய ஆசைதான். ஆனால் ஜன மனத்தில் நின்றுபோனது 1956-ம் ஆண்டுப் படம். லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் தயாரிப்பு, யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், ஜி. ராமநாதன் இசை. பொம்மியாக பானுமதி, வெள்ளையம்மாளாக பத்மினி, வில்லன் நரசப்பனாக டி.எஸ். பாலையா. வீரனை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கிற தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும். படத்தில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது இவர்கள் இருவரும்தான் என்பது என் அபிப்பிராயம். மற்றவர்கள் வசனம் பேசும்போது இவர்கள் பிள்ளை வளர்க்கிறார்கள்.

பெரிய எழுத்துப் புத்தகமாகவும் கூத்தாகவும் உடுக்கைப் பாட்டாகவும் வழங்கிய மூலக் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காசி ராஜாவுக்குப் பிறந்து, ஜாதக தோஷத்தால் காட்டில் விடப்பட்ட குழந்தையைச் சின்னான் எடுத்து வளர்க்கிறான். பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி பெரியவளாகிக் குடிசையில் ஒதுங்கியிருக்கிறாள். அந்தக் குடிசைக்குக் காவல் சின்னானின் பொறுப்பு. மழை கொட்டும் ஓர் இரவில் தகப்பனுக்குப் பதிலாக வீரன் காவலுக்குப் போகிறான். காக்கப் போனவன் காக்க வேண்டியவளையே கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். பிறகு திருச்சியில் சேவகம், அங்கிருந்து கள்ளரை அடக்க மதுரைக்கு, அழகர்மலையில் வெற்றி. மதுரையில் தாசி வெள்ளையம்மாள் மேல் மனம் போகிறது. ஊரைத் திருட்டிலிருந்து காக்க வந்தவன் ராத்திரியில் திருடனைப் போல அவள் வீட்டுக்குள் நுழைகிறான். பிடிபடுகிறான். திருமலை நாயக்கர் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது.

சரித்திரம் படித்தவர்கள் இங்கே சிரிப்பார்கள். சில பிரதிகளில் வீரனைத் திருச்சியிலிருந்து அனுப்புகிறவன் விஜயரங்க சொக்கநாதன். அவன் ஆண்டது 1706 முதல் 1732 வரை. வரவேற்கிற திருமலை நாயக்கர் 1659-லேயே இறந்துவிட்டார். பாட்டுக்காரனுக்கு இதைப் பற்றி அக்கறை இல்லை. அவனுடைய அக்கறை அடுத்த காட்சியில் இருக்கிறது. வெட்டுண்டு கிடப்பவன் யாரென்று தெரிந்து நாயக்கர் பதறி மீனாட்சியிடம் முறையிடுகிறார். அம்மன் அருளால் கையும் காலும் மீண்டும் வளர்கின்றன. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். வீரன் மறுக்கிறான். விதி தீரட்டும் என்று தன் கழுத்தைத் தானே அரிந்துகொள்கிறான்.

இந்த மறுப்பை விதி, முன்வினை என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். பாட்டே அப்படித்தான் சொல்கிறது. எனக்கு அது போதவில்லை. மதுரையைச் சுற்றிய சமவெளியில் காவல் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் இருந்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. காவல்காரன் இங்கே வெறும் கூலிக்காரன் அல்ல. ஊர் அவனுக்குக் காவல் கூலியாகத் தானியமோ பணமோ கொடுத்தது. பதிலுக்கு, அவன் காவலில் மாடோ நகையோ களவு போனால் பொருளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். கிடைக்காவிட்டால் அதன் விலையைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். திருட வல்லவனே காக்கவும் வல்லவன் என்பது ஊரறிந்த ரகசியம். காணாமல் போன மாட்டைத் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதும் உண்டு. 1816-ல் கம்பெனி புதிய போலீஸ் ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகும் இது சாகவில்லை. 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் ‘பண்டு’ சேர்த்துக் காவலுக்கு எதிராகக் கிளம்பும் அளவுக்கு அது உயிரோடு இருந்தது. பிற்பாடு வெள்ளைக்காரன் சட்டம் ஒரு சாதியையே குற்றப் பரம்பரை என்று பதிவேட்டில் ஏற்றியதும், அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி வெடித்ததும் தனிக் கதை. நமக்கு வேண்டியது அந்தப் பழைய ஒப்பந்தத்தின் உள்தர்க்கம்: காவல்காரனின் மானம் அவன் திருடாதவன் என்பதில் இல்லை. தன் காவலில் போனதற்கு அவன் ஈடு கொடுக்கிறான் என்பதில் இருக்கிறது.

இப்போது வீரனைப் பாருங்கள். குடிசைக் காவலில் பொம்மி போனாள்; எடுத்தவன் அவனே. நகரக் காவலில் வெள்ளையம்மாள் வீட்டில் புகுந்த கள்ளனும் அவனே. இரண்டு தடவையும் ஈடு கொடுக்க அவனிடம் வேறு பொருள் கிடையாது, உடம்பைத் தவிர. அந்த உடம்பை அம்மன் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு தீராமல் நின்றுவிடும். ஆகவேதான் மறுக்கிறான். சிலம்பத்தில் கம்பின் நுனி எதிராளியின் மேனியைத் தொட்ட தடத்தை வைத்துக் கணக்குப் பார்க்கும் வழக்கம் உண்டு. பட்ட தடத்தைத் துடைத்துவிட்டுப் படவில்லை என்று சொல்கிறவனை ஆட்டக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

படம் இந்த இடத்தில் என்ன செய்தது? வீரனைக் குற்றமற்றவனாக்கியது. நரசப்பனின் சூழ்ச்சி, அரசனின் ஆத்திரம், ஏமாற்றம் என்று பழியெல்லாம் வெளியே போய்விடுகிறது. குற்றமே இல்லாதவன் கடனும் இல்லாதவன். அவன் சாவைப் பார்த்து நாம் அழலாம், அவ்வளவுதான். தன் படங்களில் அரிதாகவே இறந்த எம்.ஜி.ஆர். இதில் இறந்தார், ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள், படம் வெள்ளி விழாக் கொண்டாடியது. சண்டைகளும் இதற்கேற்றவைதான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து நாடக மேடையில் பயின்ற உடம்பு அவருடையது; கால் வைப்பில் அது தெரிகிறது. ஆனால் வாள்வீச்சின் துள்ளல் எரால் ஃபிளின் படங்களிலிருந்து வந்தது. எதிரியின் வாள் இவர் மேல் படுவதே இல்லை. படாத உடம்புக்குக் கணக்கு எதற்கு?

ஒப்பிட ஒரு படம் சொல்கிறேன். மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962). அதில் ஒரு பெரிய பிரபு வீட்டின் மூன்று வீரர்களுடைய குடுமியை ஓர் ஏழைச் சாமுராய் அறுத்துக்கொண்டு போய்விடுகிறான். குடுமி போனால் மானம் போயிற்று; சாக வேண்டும். அவர்களோ உடம்பு சரியில்லை என்று சொல்லி, மயிர் வளரும் வரை வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். முடிவில் நடந்ததெல்லாம் வீட்டின் தினக்குறிப்பில் நோய்ச் சாவுகளாகப் பதிவாகிறது. கலைந்த முன்னோர் கவசம் மறுபடி அடுக்கப்படுகிறது. அங்கே மயிர் வளரக் காத்திருக்கிறார்கள். நம் பாட்டில் கையும் காலும் வளர்ந்த பிறகும் ஒருவன் வேண்டாம் என்கிறான். இந்தக் காட்சி கையில் இருந்தும் நம் சினிமாவுக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. நா. வானமாமலை கதைப்பாடல்களை வாசிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு, சாதி மீறியவன் செத்த கதைகளில் எல்லாம் நாம் சந்தேகத்தோடுதான் நுழைய வேண்டும். அருந்ததியர் வீட்டுப் பிள்ளை நாயக்கர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான், கொல்லப்பட்டான் என்பது அடியில் கிடக்கும் நிஜமாக இருக்கலாம். காசி ராஜா மகன் என்பது அதன் மேல் பூசிய சுண்ணாம்பு. அம்மன் கைகால் கொடுத்ததும், அவனே கழுத்தை அரிந்துகொண்டதும் அதே சுண்ணாம்பின் இரண்டாவது பூச்சாகலாம்: கொன்றவன் கை சுத்தமாகிறது, செத்தவனே தன் சாவுக்குக் கையெழுத்துப் போடுகிறான். அப்படியானால் நான் மானம் என்று கண்டது, அதிகாரம் தனக்காக எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரம். இந்தச் சந்தேகத்தை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை.

ஆனால் பாட்டு அவன் சாவோடு நிற்பதில்லை. சமாதானமாகிச் செத்தவன் திரும்பி வர வேண்டியதில்லை, வீரன் வருகிறான். தன்னை மறந்துவிட்ட மதுரையை அலைக்கழிக்கிறான். பூசை வேண்டும், இடம் வேண்டும் என்கிறான். தன் பங்குக் கடனைத் தீர்த்தவன் எதிர்க்கணக்கை வசூலிக்கக் கிளம்பிவிட்டான் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள முடிகிறது. அரசன் பணிகிறான். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்குச் சன்னிதி அமைகிறது. காவல்காரனுக்குரிய இடம், வாசல். பொம்மியும் வெள்ளையம்மாளும் இரு பக்கமும். சமவெளியெங்கும் ஊர் எல்லைகளில் குதிரைமேல் மீசையோடு அவன் உட்கார்ந்திருக்கும் இடங்களில் சாராயமும் சுருட்டும் கிடாயும் இன்றும் போய்ச் சேர்கின்றன. பழைய நாளில் காவல் கூலி கொடுத்த மாதிரியே.